கோச் கிராடிக்கு ஒரு பாலைவனம்

சேர்மன் கோட்டைச்சாமி அமெரிக்காவிலிருந்து வழக்கம்போல சென்ட் பாட்டிலும் பாதாம் பருப்பும் மட்டும் வாங்கி வந்திருந்தால் சுருளிராஜன் பிழைத்திருப்பார். இந்த முறை அவர் ஒரு மனிதரைக் கொண்டுவந்துவிட்டார். மனிதர் செத்து வெகுகாலம் ஆகியிருந்ததால் டிக்கெட் செலவு இல்லை.

எல்மர் கிராடி என்பது அந்த மனிதரின் பெயர். அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர். கோட்டைச்சாமியின் மகளும் மருமகனும் குடியிருக்கும் ஊரில் சாலைக்கு அவர் பெயர், மேம்பாலத்துக்கு அவர் பெயர், பல் ஆஸ்பத்திரிக்கும் பொரித்த கோழிக் கடைக்கும்கூட அவர் பெயர்தான். மருமகன் அவருடைய நினைவு மண்டபத்துக்குக் கூட்டிப்போனபோது கோப்பைகளையும் பழைய தொப்பிகளையும் சேர்மன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு புகைப்படத்தின் முன்னால் நின்றவர் நின்றவர்தான். கிராடியின் இறுதி ஊர்வலம் அது. நெடுஞ்சாலையின் இரு பக்கமும் ஜனம். பாலங்களின் மேல் ஜனம். லாரியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி, தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழும் டிரைவர்கள். ஏலக்காய் வியாபாரத்தில் ஆரம்பித்து, கல்யாண மண்டபம் கட்டி, அது ஓடாமல் போகவே அதையே கல்லூரியாக மாற்றியவர் கோட்டைச்சாமி. "நமக்குக் கம்பத்துல ஒரு கடையடைப்பாச்சும் பண்ணுவாய்ங்களா மாப்ளே?" என்று அங்கேயே கேட்டாராம். மாப்பிள்ளை காபி வாங்கப் போய்விட்டார்.

கல்லூரி, கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே, தென்னந்தோப்புக்கும் திராட்சைப் பந்தலுக்கும் இடையில் ஆற்றை ஒட்டி இருந்தது. சுருளிராஜன் அங்கே உடற்கல்வி இயக்குநர். ஒரு காலத்தில் கபடியில் எதிரணி ஏழு பேரும் சூழ்ந்து நிற்க, மூச்சு விடாமல் பாடிக்கொண்டு போய்த் தொட்டுவிட்டுத் திரும்பியவர். அப்பேர்ப்பட்டவருக்குச் சேர்மன் அறை வாசலில் நின்றால் மூச்சே வராது. காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று வாங்கி வைத்துக்கொண்ட அவருடைய அசல் சான்றிதழ்கள் அந்த அறையின் இரும்பு பீரோவுக்குள் இருந்தன. எல்லா ஆசிரியர்களுடையதும் அங்கேதான். பீரோ திறக்கும் சத்தம் கேட்டால் மூன்று மாடியிலும் ஒரு நொடி பாடம் நின்றுபோகும்.

சேர்மன் வந்து இறங்கிய வாரமே ஆசிரியர் கூட்டம் போட்டார்கள். முதல்வர் டாக்டர் ஒச்சாண்டி பேச எழுந்தார். அவர் பேச்சில் முற்றுப்புள்ளியே வராது. வைத்தால் இடையில் யாராவது கேள்வி கேட்டுவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு.

"கோச் கிராடி அவர்கள் பருத்திக்காட்டில் பிறந்தவர், நம் சேர்மன் அவர்கள் ஏலக்காட்டில் வளர்ந்தவர், கோச் அவர்கள் சிறுவயதில் உழவு மாடு செத்துப்போனபோது தானே ஏர் இழுத்ததால் 'கோவேறு கழுதை' என்று அன்போடு அழைக்கப்பட்டார், அந்தப் பட்டத்தை நம் சேர்மனுக்கும் சூட்டலாமா என்று ஆட்சிக்குழு யோசித்தது, யோசித்துவிட்டு நிறுத்திக்கொண்டது, ஏனென்றால் இந்தக் கல்லூரியில் ஜனநாயகம் இருக்கிறது, சேர்மன் சொல்வதற்கு யார் வேண்டுமானாலும் முதலில் ஆமாம் சொல்லலாம், சீனியாரிட்டி பார்ப்பதில்லை..."

ஆங்கிலத் துறை நாகஜோதி, சேர்மன் கொண்டுவந்திருந்த புத்தகத்திலிருந்து கிராடியின் வாழ்க்கைச் சுருக்கத்தை எழுந்து நின்று படித்தார். அதில் முக்கியமான இடம் ஒரு கோடைக்காலம். பஞ்சம் அடித்த வருஷம். கோச் தன் பையன்களை இரண்டு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, புல் பூண்டு இல்லாத ஒரு கல்லுக்காட்டுக்குப் போனார். காலையிலிருந்து சாயங்காலம் வரை பயிற்சி. பயிற்சியின்போது ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. தண்ணீர் கேட்கிறவன் கோழை. பாதிக்கு மேற்பட்டவர்கள் விடிவதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போனார்கள். மிஞ்சியவர்கள் பிற்பாடு நாடே பேசும் வெற்றி பெற்றார்கள். ஒருவர் பேங்க் முதலாளி ஆனார், ஒருவர் நீதிபதி ஆனார்.

"தண்ணி குடுக்கல," என்று சேர்மன் மெதுவாகச் சொன்னார். "இம்புட்டுத்தான் விசயம். நாமதான் வருசம் பூராவும் பயலுகளுக்குத் தண்ணியக் குடுத்துக் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கோம்."

அன்றே வேலைகள் பிரிக்கப்பட்டன. வேதியியல் துறைக்கு 'வியர்வையின் விஞ்ஞானம்' என்ற கருத்தரங்கு. வணிகவியல் துறைக்கு 'கோச் கிராடியும் வரவு செலவும்'. தமிழ்த் துறை அவர் மேல் ஒரு பிள்ளைத்தமிழ் பாட வேண்டும். சுருளிராஜன் ஒரு அணி அமைக்க வேண்டும்.

அவர் கையைத் தூக்கினார். தூக்கிய பிறகுதான் தூக்கியிருக்கக் கூடாது என்று தோன்றியது. "அய்யா, இந்த ஆட்டத்துல பந்த காலால உதைக்கணுமா, கையால பிடிக்கணுமா?"

சேர்மன் ஒச்சாண்டியைப் பார்த்தார். ஒச்சாண்டி நாகஜோதியைப் பார்த்தார். நாகஜோதி தரையைப் பார்த்தார்.

"அது ஒழுங்கீனமான கேள்வி," என்றார் ஒச்சாண்டி. அவருடைய பேச்சில் வந்த முதல் முற்றுப்புள்ளி அது.

வருகைப் பதிவு குறைந்து, தேர்வு எழுத முடியாது என்று மிரட்டி வைக்கப்பட்டிருந்த பையன்கள் அணியில் சேர்க்கப்பட்டார்கள். தலைக்கு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். தோளுக்குக் கவசம் வேண்டுமே. திராட்சை அனுப்பும் தெர்மாகோல் பெட்டிகளை வெட்டிக் கட்டினார்கள். பந்து மட்டும் அமெரிக்காவிலிருந்து வந்தது. இரண்டு முனையும் கூராக இருந்த அதற்குப் பையன்கள் பப்பாளி என்று பெயர் வைத்தார்கள். மாவட்டத்தில் வேறெங்கும் இந்த ஆட்டத்துக்கு அணி இல்லை. அதனால் அணி தன்னோடு தானே மோதியது. ஜெயித்த பாதியைப் படம் எடுத்து, 'தோல்வியே அறியாத அணி' என்று பேருந்து நிறுத்தத்தில் பேனர் கட்டினார்கள். தோற்ற பாதி அந்த பேனரைக் கட்ட ஏணி பிடித்தது.

வாசலில் கிராடிக்கு ஒரு சிமெண்ட் சிலையும் எழும்பியது. செய்தவர் அதுவரை காவல் தெய்வங்களை மட்டுமே செய்தவர். கொடுத்த போட்டோவில் கோச் கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. முழியைப் பெரிதாக்கி, நாக்கைக் கொஞ்சம் கடித்த மாதிரி வைத்துவிட்டார். தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் போகிற போக்கில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போனார்கள். சிலையின் பார்வை நேராக உடற்கல்வி அறை ஜன்னலில் விழுந்தது. சுருளிராஜன் வெயிலோ மழையோ ஜன்னலைச் சாத்தியே வைத்தார்.

ஏப்ரல் கடைசியில் முகாம் என்று அறிவித்தார்கள். பெயர், பாலை முகாம். அங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. பாலை இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தென்னை, வாழை, திராட்சை. மைதானத்துக்கு அந்தப் பக்கம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் சலசலவென்று ஓடியது. ஒச்சாண்டி, ஆற்றில் தண்ணீர் திறந்துவிடும் லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினார்: கல்வி நலன் கருதி முகாம் முடியும்வரை ஆற்றை நிறுத்தி வைக்கும்படி வேண்டினார். பதில் வரவில்லை. "அரசாங்கத்துக்குத் தொலைநோக்கு இல்லை," என்று வருத்தப்பட்டார். பிறகு களைக்கொல்லி அடித்து மைதானத்துப் புல்லைக் கருக்கினார்கள். ஆறு கண்ணில் படாமல் இருக்கக் கரை நெடுகத் தகரம் அடித்தார்கள். காதில் விழாமல் இருக்க ஒலிபெருக்கியில் கோச்சின் பொன்மொழிகள் ஓடின. தண்ணீர் என்ற சொல்லைக் கல்லூரிக்குள் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. வேதியியல் ஆய்வகத்தில் அதை 'அந்தத் திரவம்' என்று சொல்லிச் சமாளித்தார்கள்.

குடிநீர் அறையைப் பூட்டும் பொறுப்பு சுருளிராஜனுக்கு.

முகாம் தொடங்குவதற்கு முந்தின நாள் கோம்பையிலிருந்து இருளம்மாள் வந்தார். அணியில் இருந்த விஜய்பாண்டியின் அம்மா. திராட்சைத் தோட்டத்தில் கொடி வெட்டும் கவாத்து வேலை. வேலையிலிருந்து நேராக வந்ததால் தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்கவில்லை. "சார், அவனுக்கு வெயிலு சேராது. சின்னப் பிள்ளையிலயே ரெண்டு தடவ மயங்கி விழுந்துருக்கான். நீங்க இருக்கீகன்னுதான் அனுப்புறேன். பாத்துக்கிருவீகள்ல?"

"பாத்துக்கிறேன் ஆத்தா," என்றார். அதை ஒச்சாண்டியிடம் போய்ச் சொன்னபோது, "கோச் கிராடியிடம் எந்த அம்மாவும் வந்து பேசியதாகப் புத்தகத்தில் இல்லை," என்று பதில் வந்தது.

முகாம் ஆரம்பித்தது. கோச் உயரமான ஒரு கோபுரத்தின் மேல் நின்று பயிற்சியைப் பார்ப்பாராம். கல்லூரியில் உயரமாக இருந்தது மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். அதன் மேல் குடை நட்டு, நாற்காலி போட்டு, மைக்கோடு சேர்மன் உட்கார்ந்தார். கீழே இருந்து இளநீர் கயிறு கட்டி மேலே போய்க்கொண்டிருந்தது. "இளநீ அந்தச் சுத்தறிக்கைல வரலையே," என்று ஒரு பையன் முணுமுணுத்தான். அவன் மைதானத்தைச் சுற்றி ஓடவிடப்பட்டான்.

முதல் நாள் மதியம் நான்கு பேர் மதில் ஏறிக் குதித்து ஓடினார்கள். அதைக் கேட்டுச் சேர்மன் முகம் மலர்ந்தது. "ஓட ஆரம்பிச்சுட்டாய்ங்க! கரெக்டாப் போகுது!" அடுத்த நாள் இன்னும் சிலர். ஒவ்வொருவன் ஓடும்போதும் மேலேயிருந்து கைதட்டல் கேட்டது. விஜய்பாண்டி ஓடவில்லை. ஓடினால் வருகைப் பதிவு போய்விடும், பரீட்சை போய்விடும். வீட்டில் முதல் பட்டதாரி ஆகவேண்டியவன் அவன்தான்.

சுருளிராஜனுக்கு அந்த நாட்களில் சோறு இறங்கவில்லை. பையன்களின் உதட்டைப் பார்ப்பார். வெடித்திருக்கும். குடிநீர் அறைச் சாவி டிரௌசர் பையில் தொடையைக் குத்திக்கொண்டே இருக்கும். ஒரு தடவை திறந்து, ஆளுக்கு ஒரு மடக்கு கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைப்பார். நினைத்தவுடனே தொட்டியின் மேலிருந்து யாரோ தன்னைப் பார்க்கிற மாதிரி இருக்கும். நிமிர்ந்தால், நிஜமாகவே சேர்மன் பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்று உச்சி வெயில். வரிசையாகப் பையன்கள் மணல் மூட்டையை முட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். விஜய்பாண்டி மூட்டையை விட்டுவிட்டுத் தனியாக நடந்தான். தகரத்தைப் பார்த்து, "ஆத்தா, மாட்ட அவுத்துட்டேன்," என்றான். யாரோ சிரித்தார்கள். அடுத்த நிமிஷம் ஹெல்மெட்டோடு முகங்குப்புற விழுந்தான்.

சுருளிராஜன் ஓடிப்போய் ஹெல்மெட்டைக் கழற்றினார். உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது. ஆனால் ஒரு பொட்டு வியர்வை இல்லை. கண் மேலே செருகியிருந்தது. அந்தக் காய்ந்த நெற்றியைத் தொட்டபோது அவருக்குள் ஏதோ அறுந்து விழுந்தது.

"தொடாதீக!" ஒலிபெருக்கி இரைந்தது. "யாரும் தொடாதீக! கோச் முகாம்லயும் ஒருத்தன் விழுந்தான். அவனா எந்திரிப்பான். எந்திரிச்சா லெஜண்டு!"

ஒச்சாண்டி குடையோடும் புத்தகத்தோடும் வந்துசேர்ந்தார். "அத்தியாயம் ஒன்பது," என்றார். "சரியாக இதே மாதிரிதான் வருகிறது. நாம் சரியான பாதையில்..." பையனின் வாயோரம் நுரை கட்டியதைப் பார்த்ததும் அவர் புத்தகத்தை மூடிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பின்னாளில் சிலர் சுருளிராஜனைத் தைரியசாலி என்றார்கள். அதில் உண்மை இல்லை. சேர்மன் மேல் இருந்த பயம் ஒரு பக்கம். இந்தப் பையன் தன் கையிலேயே செத்துப்போவான், தலையில் துண்டு கட்டிய அந்த அம்மா வந்து தன்னைப் பார்ப்பாள் என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டாவது பயம் ஒரு அங்குலம் பெரிதாக இருந்தது. அவ்வளவுதான். பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். நேராகத் தகரத்தின் மேல் போய் மோதினார். தகரம் சாய்ந்தது. கரையில் சறுக்கி, பையனோடு ஆற்றில் விழுந்தார்.

தண்ணீர் இடுப்பளவு. பையனின் தலையை மட்டும் மேலே பிடித்துக்கொண்டு, கழுத்துவரை முக்கி வைத்தார். "டேய் விஜய், டேய், அப்பா, கண்ணத் தொறடா," என்று கத்தினார். திரும்பிப் பார்த்தால் மிச்சமிருந்த அணி முழுவதும் தெர்மாகோல் கவசத்தோடு ஆற்றுக்குள் குதித்துக்கொண்டிருந்தது. தெர்மாகோல் அவர்களை மூழ்க விடவில்லை. மிதந்துகொண்டே குடித்தார்கள். மேலே ஒலிபெருக்கி, "வெளிய வாங்கடா கோழைகளா!" என்று அலறியது.

விஜய்பாண்டி பிழைத்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர், "தண்ணியில முக்கினதாலதான் மிஞ்சுனான். ஆனா கிட்னி அடி வாங்கியிருக்கு. தேறுமா, எம்புட்டுத் தேறும்னு போகப்போகத்தான் சொல்ல முடியும்," என்றார். இருளம்மாள் வார்டு வாசலில் சுருளிராஜனின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சாமி மாதிரி வந்தீக," என்றார். சுருளிராஜன் கையை உருவிக்கொண்டார். பாக்கெட்டில் அப்போதும் அந்தச் சாவி கிடந்தது.

கல்லூரி விசாரணைக் குழு அமைத்தது. தலைவர் ஒச்சாண்டி. உறுப்பினர் ஒச்சாண்டி சொல்லும் ஒருவர்.

"தகரம் கல்லூரிச் சொத்து என்பது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"பையன் மைதானத்தில் விழுந்தானா, ஆற்றில் விழுந்தானா?"

"மைதானத்துல சார்."

"ஆனால் நனைந்திருந்தானே? மைதானத்தில் விழுந்தவன் எப்படி நனைவான்? யோசித்துச் சொல்லுங்கள். நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. உண்மையை நாங்களே தட்டச்சு செய்து வைத்திருக்கிறோம், நீங்கள் சும்மா உடன்பட்டால் போதும்."

அடுத்த அறையில் பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. யார் திறந்தார்கள், எதற்குத் திறந்தார்கள் என்று தெரியாது. விஜய்பாண்டி பயிற்சிக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போய் மயங்கி விழுந்தான், உடற்கல்வி இயக்குநர் போய்த் தூக்கினார் என்று எழுதியிருந்த தாளில் சுருளிராஜன் கையெழுத்துப் போட்டார். போடும்போது பேனா இரண்டு தடவை கீழே விழுந்தது. ஒச்சாண்டி இரண்டு தடவையும் குனிந்து எடுத்துக் கொடுத்தார். மறுநாள் ஒழுங்கு மீறியதற்காக விஜய்பாண்டி இடைநீக்கம் செய்யப்பட்டான்.

எல்லாவற்றையும் அவசரமாக முடித்ததற்குக் காரணம் சிறப்பு விருந்தினர். கிராடியின் அந்தக் கல்லுக்காட்டு முகாமில் ஓடாமல் நின்றவர்களில் ஒருவர் இன்னும் உயிரோடு இருந்தார். டில்மன் என்று பெயர். எண்பத்தைந்தைத் தாண்டியவர். கேரளாவைச் சுற்றிப்பார்க்கப் பேரனோடு வந்திருந்தவரை, மருமகன் எப்படியோ பிடித்துச் சிலை திறப்புக்குச் சம்மதிக்க வைத்துவிட்டார். குமுளி வழியாக ஜீப்பில் கூட்டி வந்தார்கள். தகரத்தை மறுபடி நிமிர்த்தி வைத்து, 'கோழைகளுக்கு இங்கு இடமில்லை' என்று வர்ணம் அடித்திருந்தார்கள்.

மேடையில் சேர்மன் முதலில் பேசினார். "கோச் கிராடி இருந்த ஊர்ல அவருக்காக லாரிக்காரன் அழுதான். ஏன் அழுதான்? பயந்தான், அதனால அழுதான். பயம் இருக்கிற இடத்துலதான் மருவாதி இருக்கும். நம்ம காலேஜ்ல பாருங்க, எனக்கு எம்புட்டு மருவாதின்னு!" ஆசிரியர்கள் வேகமாகக் கைதட்டினார்கள்.

பிறகு டில்மன் எழுந்தார். மெலிந்த கையால் மைக்கைப் பிடித்தார். நாகஜோதி மொழிபெயர்க்கப் பக்கத்தில் நின்றார். சுருளிராஜனுக்கு அந்த ஆங்கிலம் பிடிபடவில்லை. பஸ் என்ற சொல் காதில் விழுந்தது. கிழவர் ஏனோ வருத்தமாகச் சிரித்தார்.

நாகஜோதி சேர்மனை ஒரு கணம் பார்த்தார். "பஸ் ஏறி ஓடியவர்களைப் பார்த்துத் தனக்குச் சிரிப்புத்தான் வந்தது என்கிறார்," என்றார். கைதட்டல்.

கிழவர் யாரோ ஒரு நண்பனின் பெயரைச் சொன்னார். "இவருடைய நண்பர் அந்த முகாமுக்குப் பிறகு அனாவசியமாக ஒரு வார்த்தை பேசியதில்லை," என்றார் நாகஜோதி. கைதட்டல்.

கடைசியில் டில்மன் நீளமாகப் பேசினார். கோச், கிச்சன், வாட்டர். வாட்டர் என்ற சொல்லில் முன்வரிசை ஆசிரியர்கள் பதறிச் சேர்மனைப் பார்த்தார்கள். அப்புறம் சாரி. அந்தச் சொல் இரண்டு மூன்று முறை வந்தது. கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாகஜோதி இந்த முறையும் சேர்மனைப் பார்த்துவிட்டே சொன்னார். "கோச் ஒருமுறை இவர் வீட்டுக்கே வந்தாராம். இவர் ஒரு டம்ளர்... அந்தத் திரவம் கொடுத்தாராம். கோச் அப்போதும் குடிக்கவில்லையாம்."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. டில்மன் திகைத்துப்போய் எல்லா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தான் சொன்னதற்கு இவர்கள் ஏன் மகிழ்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. ஒரு அடி பின்னால் வைத்தார். பயந்துவிட்டார் என்று சுருளிராஜனுக்குத் தெரிந்தது. பயந்த முகம் எப்படி இருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகம் வராது. அதற்குள் ஒச்சாண்டி பொன்னாடையைப் போர்த்திவிட்டார். "அடுத்த பேட்ச் முகாம் நாளைக்குக் காலையில!" என்று சேர்மன் அறிவித்தார்.

சாயங்காலம் கல்லூரிப் பேருந்தில் நாகஜோதி முன் சீட்டில் முக்காடு மாதிரி முந்தானையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுருளிராஜன் பக்கத்து வரிசையில் இருந்தார்.

"மேடம்," என்றார் பேருந்து கிளம்பியதும். "அவுக சாரி சாரின்னு சொன்னாகள்ல. நீங்க அதச் சொல்லவே இல்லையே."

நாகஜோதி டிரைவரைப் பார்த்தார். ஹாரன் அடிக்கும்போது மட்டும் பேசுவது என்று முடிவு செய்தவர்போல, விட்டு விட்டுச் சொன்னார். "அவரும் ஓடத்தான் போனாராம் சார். இருட்டுல பஸ்ஸ விட்டுட்டாராம். என் வீரம் அம்புட்டுத்தான்னு சொன்னாரு... அந்தச் சிநேகிதரு வெயில்ல விழுந்துருக்காரு. அப்புறம் அவருக்குப் பேச்சே சரியா வரலையாம், சாகுறவரைக்கும்."

"கோச் வீட்டுக்கு வந்தது?"

"வயசான காலத்துல வந்தாராம். அந்த முகாம்ல இருந்த பையன்க வீடு ஒவ்வொண்ணாத் தேடிப் போயிருக்காரு. ஓடிப்போனவங்க வீட்டுக்கும்தான். அடுக்களையில உக்காந்து, நான் செஞ்சது தப்பு, மன்னிச்சுக்கன்னு அழுதாராம். இவரு தண்ணி குடுத்துருக்காரு. இவரு குடிங்கன்னு சொல்றவரைக்கும் கோச் அதைத் தொடலையாம்." நாகஜோதி அடுத்த ஹாரனுக்குக் காத்திருந்தார். "எல்லாரையும் பாத்து முடிக்கிறதுக்குள்ள செத்துப்போயிட்டாராம். ஊர்வலத்துல அழுதாகளே, அது அதுக்குத்தானாம் சார்."

"ஏன் மேடம் மாத்திச் சொன்னீக?"

"நீங்க ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

உத்தமபாளையத்தில் இறங்கியதும் சுருளிராஜன் வீட்டுக்குப் போகவில்லை. கோம்பை பஸ்ஸில் ஏறினார். ஏறியவர் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கப் பார்த்தார், கண்டக்டர், "கோம்பைக்குல்ல டிக்கெட் வாங்குனீக?" என்று கேட்டதும் மறுபடி உட்கார்ந்தார்.

இருளம்மாள் வீட்டு வாசலில் செவலை நாய் ஒன்று எழுந்து நின்று உறுமியது. அதுவும் சரிதான் என்று தோன்றியது அவருக்கு. உள்ளே விஜய்பாண்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் ஊதியிருந்தது. "சார்," என்று எழப் பார்த்தான்.

"உக்காருப்பா." சுருளிராஜன் நின்றுகொண்டே சொன்னார். நின்றால்தான் சொல்ல வரும்போல இருந்தது. "ஆத்தா, தண்ணி ரூமப் பூட்டுனது நான்தான். சாவி என்கிட்டதான் இருந்துச்சு. தொறந்துருக்கலாம். தொறக்கல. அப்புறம், இவன் குளிக்கப் போயி விழுந்தான்னு எழுதிக் கேட்டாக. கையெழுத்துப் போட்டுட்டேன். அதை வச்சுத்தான் இவன நிப்பாட்டிட்டாக."

இருளம்மாள் மகனுடைய ஊதிய முகத்தைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால் சுருளிராஜனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பயந்துட்டீகளா?"

"ஆமா ஆத்தா."

"இப்ப?"

"இப்பவும் பயமாத்தான் இருக்கு."

"நாளைக்கு மறுபடி ஆரம்பிக்கிறாகன்னு பயலுக போன்ல சொன்னாய்ங்க. நெசமா?"

"நெசந்தான்."

"மன்னிப்புக் கேக்க வந்தீகளாக்கும்."

"ஆமா."

"அத நீங்களே வச்சுக்கங்க." இருளம்மாள் கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். செருப்பை மாட்டினார். "எந்திரிடா விஜய். மெல்ல வா, ஆட்டோவுல போவோம். சார், நீங்களும் வாங்க."

"எங்க ஆத்தா?"

"டேசனுக்கு. இங்கன சொன்னத அங்கன வந்து சொல்லுங்க."

மன்னிப்புக் கேட்டுவிட்டு, அழுதுவிட்டு, லேசாகித் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் சுருளிராஜன் வந்திருந்தார். அமெரிக்காவில் அப்படித்தான் நடந்ததாகக் கேள்வி. கோம்பையில் அதற்கு மேல் ஒரு படி இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆட்டோவில் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். வழியெல்லாம், செல்போன் அடிக்குமோ, சேர்மனாக இருக்குமோ என்று அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். அடித்தது. சேர்மன்தான். சுருளிராஜன் அது அடித்து ஓயும்வரை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். விஜய்பாண்டியும் பார்த்தான்.

ஸ்டேஷனில் ஏட்டு ஒருவர் மட்டும் இருந்தார். ஊதிய முகத்தோடு ஒரு பையன், தோளில் துண்டோடு ஒரு பெண், அவர்கள் பின்னால் வாட்டசாட்டமாக ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "யாரு யாரை அடிச்சது?" என்று கேட்டார்.

"இவரு சொல்லுவாரு," என்றார் இருளம்மாள்.

சுருளிராஜன் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. ஏட்டு அவருக்கு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். உட்கார்ந்தார். மறுபடி வாயைத் திறந்தார். "காலேஜ்ல... தண்ணி..." என்றார். கல்லூரி வளாகத்துக்கு வெளியேதான் இருந்தார் என்றாலும், அந்தச் சொல்லைச் சொன்னதும் ஒருமுறை மேலே நிமிர்ந்து பார்த்துக்கொண்டார். மின்விசிறி மட்டும்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

"மெதுவாச் சொல்லுங்க சார்," என்று ஏட்டு பேனாவைத் திறந்தார். "எழுதணும்ல."

சுருளிராஜன் மெதுவாகவே சொன்னார். வேகமாகச் சொல்ல அவருக்கு உடம்பில் தெம்பு இல்லை.